கலெக்டரம்மாவின் மாலைச் சோதனை

“அறிவிப்பு: இன்று மாலைப் பால் அரை மணி நேரம் தாமதமாகும். ஈக்கள் மீது விசாரணை நடைபெறுவதால் பொதுமக்கள் பொறுத்துக்கொள்ளவும். இப்படிக்கு, கலெக்டர்.”

போன வருடம் பங்குனி மாதத்து முதல் திங்கட்கிழமை, ஆம்பூரில் எங்கள் தெருவின் கடைசி வீட்டு வாசலில் தொங்கிய சிலேட்டுப் பலகையில் இப்படி எழுதியிருந்தது. அன்றைக்கே டைரியில் குறித்துக்கொண்டேன். வேலை பார்த்த காலமெல்லாம் தபால் ஆபீசில் தேதி முத்திரை குத்தியவன் நான். தேதி போடாத எதுவும் நடந்ததாகவே எனக்குத் தோன்றாது. அந்தப் பலகையில் வந்ததையெல்லாம் எழுதிவைக்க ஆரம்பித்தது சும்மா சிரிப்புக்காகத்தான். இப்போது அந்தப் பக்கங்களைப் புரட்டினால் சிரிப்பு வருவதில்லை.

கலெக்டர் என்பது ஒரு பசு மாடு. கறுப்பும் வெள்ளையுமாக, நல்ல உயரமான கலப்பின மாடு. அதன் சொந்தக்காரர் எங்கள் வீட்டிலிருந்து நான்கு வீடு தள்ளி இருப்பவர். நாற்பத்தைந்து வயது இருக்கும். தோல் தொழிற்சாலை ஒன்றில் பச்சைத் தோல் பிரிவில் வேலை. வெளியூர்களிலிருந்து உப்புப் போட்டு மடித்து வரும் தோல்களை விரித்து, உதறி, ஒட்டியிருக்கும் உப்பைத் தட்டி எடுக்க வேண்டும். அதுதான் நாள் முழுக்க. மனைவி ஷூ கம்பெனியில் தையல் மெஷினில் இருக்கிறார். பிள்ளைகள் இல்லை. யாராவது அந்தப் பேச்சை எடுத்தால், “எங்க வூட்ல ஒரு ஆபீசரே இருக்காங்க, அது போதாதா?” என்று மாட்டைக் காட்டிவிடுவார்.

ஏன் கலெக்டர் என்று பேர் வைத்தீர்கள் என்று ஒருநாள் கேட்டேன்.

“நீங்களே சொல்லுங்க சார். பால் வாங்க வர்றவங்க அத்தினி பேரும் நின்னுகினு இருக்காங்க. அவங்க மட்டும் உக்காந்துகினு, மென்னுகினே, ஒவ்வொருத்தரையா மேலயும் கீழயும் பாக்குறாங்க. இதுக்கு வேற இன்னா பேர் வெக்கிறது?”

வேலை முடிந்து வந்தால் அவருக்கு சினிமா கிடையாது, சீட்டாட்டம் கிடையாது, பீடி கூடக் கிடையாது. எல்லாம் மாட்டைச் சுற்றித்தான். பழைய பைக் கண்ணாடி ஒன்றைக் கழற்றிவந்து, மாட்டின் முகத்துக்கு நேரே கம்பத்தில் மாட்டியிருந்தார். மாடு அசைபோட்டுக்கொண்டே அதில் தன்னைப் பார்த்துக்கொண்டிருக்கும். “ஆபீசுக்குக் கெளம்பறதுக்கு முந்தி மேக்கப் சரி பாக்குறாங்க” என்பார். ஷூ கம்பெனியில் வெட்டியது போக மிச்சம் விழும் தோல் துண்டுகளைக் கோத்து, பித்தளைக் குமிழ் வைத்து, கழுத்துப் பட்டை ஒன்று செய்து கட்டியிருந்தார். பார்க்க அழகாகத்தான் இருந்தது. எதிர் வீட்டில் உருது பேசும் வயதான அம்மா ஒருவர் இருக்கிறார். தெருவே அவரை பீபிம்மா என்று கூப்பிடும். அவர் அந்தப் பட்டையைத் தடவிப் பார்த்து நன்றாயிருக்கிறது என்றபோது, “இந்தத் தோலு கலெக்டருக்கு ஒண்ணுவிட்ட அக்கா வேணும் பீபிம்மா. கட்டிப் புடிச்சிகினு இருக்காங்க” என்றார். பீபிம்மா கையைச் சட்டென்று எடுத்துக்கொண்டார். இப்படித்தான் இருக்கும் அவருடைய கிண்டல். சிரித்துவிட்டு, ஒரு நிமிஷம் கழித்து ஏன் சிரித்தோம் என்று தோன்றும்.

அதற்கு முந்தைய தை மாதம், மாட்டுப் பொங்கலன்று கொம்புகளுக்கு நடுவே ஒரு பொம்மைக் காரின் சிவப்பு விளக்கைக் கட்டி, சுற்றவிட்டார். மாடு மிரண்டு பொங்கல் பானையை உதைத்துத் தள்ளியது. மறுநாள் பலகையில், “கலெக்டர் வாகனத்துக்கு வழிவிடாத பானை மீது நடவடிக்கை எடுக்கப்பட்டது” என்று இருந்தது. பானை போன கோபத்தில் இருந்த அவர் மனைவிக்கே சிரிப்பு வந்துவிட்டது.

ஆனால் தெரு முழுக்க வேடிக்கை பார்க்க நின்றது மாலைச் சோதனையைத்தான்.

சாயங்காலம் மொபெட்டில் தெருமுனைக்கு வந்ததும் மூன்று முறை ஹாரன் அடிப்பார். யாருக்காகவும் எழுந்திருக்காத அந்த மாடு எழுந்து நிற்கும். வண்டியை நிறுத்திவிட்டு நேரே அதன் முன்னால் போய், போலீஸ்காரர் சோதனை போடும்போது நிற்பதைப் போல இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு நிற்பார். “பாத்துக்குங்க மேடம். எதையும் ஒளிச்சு எடுத்துகினு வரல” என்பார். மாடு முதலில் முகத்தை மோந்து பார்க்கும். பிறகு சட்டைக் காலரில் ஆரம்பித்து, தோள், கை, முதுகு, இடுப்பு என்று சொரசொரப்பான நாக்கால் அழுத்தி நக்கிக்கொண்டே வரும். அவர் மெல்லத் திரும்பித் திரும்பிக் கொடுப்பார். “பாக்கெட்ல ஒண்ணுமில்ல மேடம், சம்பளம் இன்னும் போடல” என்று நடுநடுவே பேச்சு வேறு. முடியும்போது சட்டை நனைந்து உடம்போடு ஒட்டியிருக்கும்.

எதற்காக நக்குகிறது என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். நாள் முழுக்க உப்பு உதறியவரின் சட்டை அது. வெயிலில் நின்றால் வெள்ளையாகப் பூத்திருக்கும். எங்கள் பக்கத்தில் தோல் கிடங்கு மதிலோரம் உப்புச் சிந்திய இடத்தில் மாடுகள் கூட்டமாக நின்று தரையை நக்குவது தினம் பார்க்கிற காட்சி. அவர் மனைவி அதை மறைக்காமல் சொல்வார்.

“சட்டையில உப்பு இருக்குது, நக்குது. அதே உப்பைக் கதவுல தடவினா கதவுக்கும் இந்த மரியாததான்.”

“மொதல்ல மூஞ்சிய மோந்து பாக்குறாங்களே, மூஞ்சிலயா உப்பு இருக்குது?”

“வேர்வ பின்ன இன்னா, சக்கரையா?”

எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். ஆனால் அந்தப் பேச்சு வரும்போதெல்லாம் அவர் வேறு பக்கம் திரும்பி வாளியையோ கயிற்றையோ எடுப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

சித்திரையில் வெயில் ஏறியபோது, வேலை செய்கிற இடத்தில் உப்புக் குவியலுக்கு அடியில் விரித்திருந்த பழைய கோணி ஒன்றைக் கொண்டுவந்து கொட்டகைச் சுவரில் ஆணி அடித்து மாட்டினார். அவர் வேலைக்குப் போனபிறகு மாடு அதை நக்கிக்கொண்டிருக்கும். மாட்டுக்கு உப்புக் கட்டி வாங்கிப் போடுவது எங்கும் உண்டு. இது காசில்லாத உப்புக் கட்டி என்று தெருவில் எல்லோரும் மெச்சினோம். எனக்கும் அதில் தப்பாக எதுவும் தெரியவில்லை. உப்பு என்றால் எல்லாம் ஒரே உப்பு என்றுதான் இந்த ஊரில் பிறந்த நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம்.

சித்திரை கடைசி ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் தெரு ஆழ்குழாயின் மோட்டார் எரிந்துபோனது. அந்தத் தண்ணீரே வாயில் வைக்க முடியாத உப்புத் தண்ணீர். துணி துவைக்கவும் மாட்டுக்கும்தான் ஆகும். குடிக்கிற நல்ல தண்ணீர் குழாயில் வர இன்னும் நாள் இருந்தது. வீட்டுக்கு வீடு குடங்களைப் பார்த்துப் பார்த்துச் செலவழித்தோம். அவர் வீட்டில் மனிதர்களுக்கு இருந்ததிலிருந்து ஒரு வாளி, பக்கத்து வீட்டில் கேட்டு ஒரு வாளி என்று மாட்டுக்கு வைத்தார்கள். அந்தப் பெரிய உடம்புக்கு அது எந்த மூலைக்கு? தாகத்தில் அது அந்தக் கோணியை இன்னும் அதிகமாக நக்கியது என்று பிறகு அவர் மனைவி சொன்னார்.

திங்கட்கிழமை மத்தியானம் மோட்டாரைச் சரிசெய்துவிட்டார்கள். மாட்டுக்குத் தண்ணீர் இல்லையே என்று அவர் அரை நாள் லீவு போட்டு வந்திருந்தார். பெரிய தொட்டியை விளிம்பு வரை நிரப்பி, “குடிங்க மேடம். எல்லாம் அரசாங்கச் செலவு” என்றார். மாடு தலையைத் தூக்காமல் குடித்தது. மறுபடி நிரப்பினார். மறுபடியும் குடித்தது. அவருக்கு அப்படி ஒரு சந்தோஷம். பலகையைத் துடைத்துவிட்டு, “தண்ணீர்த் தட்டுப்பாடு நீங்கியது. கலெக்டர் நேரில் ஆய்வு” என்று எழுதினார். நான் அதைப் படித்துச் சிரித்துவிட்டு வீட்டுக்கு வந்து சாப்பிட்டேன்.

நான்கு மணி வாக்கில் தெருவில் சத்தம் கேட்டுப் போனேன். மாடு கட்டியிருந்த கம்பத்தைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தது. கயிறு கம்பத்தில் சுற்றிச் சுற்றிக் குட்டையாகிக்கொண்டே போனது.

“இன்னா மேடம், கோயிலா சுத்துறீங்க, வேண்டுதலா...” என்று சொல்லிக்கொண்டே கயிற்றை அவிழ்க்கப் போனவர், பாதியில் நிறுத்திவிட்டார். மாடு அவரைத் தாண்டிப்போய் நெற்றியைச் சுவரில் வைத்து அழுத்திக்கொண்டு நின்றது. முட்டவில்லை. சுவரைத் தள்ளி அந்தப் பக்கம் போய்விட நினைப்பதுபோல அழுத்திக்கொண்டே நின்றது. பல்லை நறநறவென்று கடித்தது. அவர் அதன் கண்ணுக்கு நேரே கையை ஆட்டினார். இமை அசையவில்லை.

“சார், இவளுக்குக் கண்ணு தெரியல சார்” என்றார். அவர் மாட்டை ‘அவங்க’ என்று சொல்லாமல் பேசியதை அன்றுதான் கேட்டேன்.

கால்நடை டாக்டர் ஸ்கூட்டரில் வந்தார். சின்ன வயதுப் பெண்மணி. மாட்டைத் தொடுவதற்கு முன் தீவனம், தண்ணீர், எத்தனை மாதச் சினை என்று வரிசையாகக் கேட்டார். நான்கு மாதம் என்று சொன்னார்கள். பிறகு சுவரில் தொங்கிய கோணியைப் பார்த்துக் கையில் எடுத்து முகர்ந்தார்.

“இது எங்கிருந்து வந்தது?”

அவர் சொன்னார்.

“இந்த உப்புல வேற ஏதாவது மருந்து கலப்பாங்களா?”

“தெரியாது மேடம். சரக்குக்குச் சரக்கு மாறும். எங்களுக்கு யாரும் சொல்ல மாட்டாங்க.”

டாக்டர் கோணியைத் தூர எறியச் சொன்னார். பிறகு ஊசி போட்டுக்கொண்டே விளக்கினார். “உடம்புல ஏற்கெனவே உப்பு ஜாஸ்தி. தண்ணி இல்லாம அது இன்னும் ஏறியிருக்கு. அந்த நிலைமையில திடீர்னு வயிறு முட்டக் குடிச்சா மூளை வீங்கிடும். அதான் இப்படிச் சுத்துது. இனிமே கொஞ்சம் கொஞ்சமாத்தான் குடுக்கணும், அதுவும் நல்ல தண்ணியா. போர் தண்ணி ஒரு சொட்டு கூடாது.”

“நான்தான் மேடம் குடிங்க குடிங்கன்னு சொன்னேன்” என்றார் அவர். டாக்டர் அடுத்த ஊசியை எடுத்தார்.

நல்ல தண்ணீருக்கு எங்கே போவது? ஆளுக்கு ஆள் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றோம். பீபிம்மா வீட்டில் புதன்கிழமை பேத்தியின் நிச்சயம். அதற்காக அன்று காலையில்தான் லாரித் தண்ணீர் வாங்கிக் கீழ்த்தொட்டியை நிரப்பியிருந்தார்கள். அவர் யாரையும் கேட்கவில்லை. உள்ளே போய்த் தொட்டி மூடியைத் திறந்துவைத்துவிட்டு வந்தார்.

“எவ்ளோ வேணுமோ மொண்டுக்கோ தம்பி. விருந்துக்கு வர்றவங்க கை கழுவ வேற லாரி சொல்லிக்கலாம்.”

அன்று சாயங்காலம் முழுக்க கலெக்டரின் சொந்தக்காரர் ஒரு சொம்போடு மாட்டின் வாயருகே உட்கார்ந்திருந்தார். கொடுத்த நேரத்தை யாராவது எழுதிக்கொண்டே வர வேண்டும் என்று டாக்டர் சொன்னதால் அந்த வேலை எனக்கு வந்தது. என் தேதிப் பைத்தியம் ஒரு உயிருக்குப் பயன்பட்டது அந்த ஒருநாள்தான். மாடு இன்னும் வேண்டும் என்று சொம்பை முட்டும். அவர் முகத்தைத் திருப்பிக்கொள்வார். கேட்டதைக் கொடுக்காமல் இருப்பதுதான் அன்று அவருக்கு இருந்த வேலை. அதைவிடக் கஷ்டமான வேலையை அவர் செய்து நான் பார்த்ததில்லை.

மாடு பிழைத்துக்கொண்டது. இரண்டு நாளில் சுற்றுவது நின்றது. வயிற்றில் இருந்த கன்றுக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் கண் முழுக்கத் திரும்பவில்லை. இடது பக்கம் வெளிச்சம், நிழல் தெரியும். வலது பக்கம் ஒன்றுமில்லை என்றார் டாக்டர். போகும்போது கண்டிப்பாகச் சொல்லிவிட்டுப் போனார்: வேலைக்குப் போட்டுப்போன துணியோடு மாட்டின் பக்கத்தில் வரவே கூடாது.

அவர் அதை அப்படியே கடைப்பிடித்தார். வேலை இடத்திலேயே சோப்புப் போட்டுக் குளித்து, அந்தத் துணியை அங்கேயே விட்டு, வேறு சட்டை போட்டுக்கொண்டு வந்தார். தெருமுனையில் மூன்று முறை ஹாரன் கேட்டது. மாடு எழுந்து நின்றது. நாங்கள் நாலைந்து பேர் வாசலுக்கு வந்தோம். அவர் முன்னால் போய்க் கைகளை விரித்து நின்றார்.

மாடு மூக்கை நீட்டிச் சட்டையை மோந்தது. கையை மோந்தது. பிறகு தலையைத் திருப்பிக்கொண்டு தீவனத் தொட்டிக்குப் போய்விட்டது.

அவர் கைகளைக் கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தார். “மேடம் இன்னிக்கு லீவு போல” என்றார். யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

அடுத்த நாளும் அப்படித்தான். அதற்கடுத்த நாளும். ஹாரன் சத்தத்துக்கு எழுந்து நிற்கும், மோந்து பார்க்கும், போய்விடும். ஒரு வாரத்துக்குப் பிறகு அவர் ஹாரன் அடிப்பதை நிறுத்திவிட்டார். தெருவும் மாலையில் வாசலுக்கு வருவதை விட்டுவிட்டது. பலகை வெறுமையாகத் தொங்கியது.

ஒருநாள் அவர் மனைவி கடையில் என்னைப் பார்த்து, அழுகிற மாதிரி ஆகிவிட்டார். “நான் வெளையாட்டுக்குத்தான சார் சொன்னேன், கதவுல தடவினா கதவ நக்கும்னு. இப்ப அது இவரு மனசுல போய் உக்காந்துகிச்சு. ‘ஒரு தடவ, ஒரே ஒரு தடவ கம்பெனிச் சட்டையோட போய் நில்லு, இன்னா ஆயிடப் போவுது’ன்னு நானே சொன்னேன் சார். என்னக் கையெடுத்துக் கும்பிட்டுட்டாரு.”

இதற்கு நடுவே நான் என்னால் ஆனதைச் செய்ய நினைத்தேன். ஒரு பாட்டிலில் எங்கள் தெரு ஆழ்குழாய்த் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு, வேலூரில் தண்ணீர் பரிசோதனை தெரிந்த ஒருவரிடம் கொடுத்துப் பார்க்கச் சொன்னேன். இந்தத் தண்ணீரிலேயே உப்பு மிக அதிகம், வெயில் காலத்தில் இதை மட்டுமே குடிக்கிற மாட்டுக்கு எதுவும் வரலாம் என்றார். அந்த மாட்டுக்கு வந்தது இதனால்தானா, கோணியாலா, சட்டையாலா என்று கேட்டேன். அதை யாராலும் சொல்ல முடியாது என்றார். எங்கள் தெருத் தண்ணீர் எப்போதிலிருந்து உப்பானது என்று பழைய ஆட்களைக் கேட்டால் ஆளுக்கொரு வருடம் சொல்கிறார்கள். அதை உறுதிப்படுத்தவும் எனக்கு வழி கிடைக்கவில்லை.

இருந்தாலும் அந்தச் செய்தியை ஒரு ஆறுதல் மாதிரி எடுத்துக்கொண்டு அவரிடம் போனேன். உங்கள் சட்டைதான் காரணம் என்று சொல்ல முடியாது, தண்ணீராகவும் இருக்கலாம் என்றேன்.

“தண்ணியும் நான்தான சார் வெச்சேன்” என்றார்.

பிறகு அவர் கேட்க நினைத்திருந்ததைக் கேட்டார். “நீங்க நெறைய படிக்கிறீங்க. மாட்டுக்கு ஆள் தெரியுமா சார்?”

தெரியும் என்றேன். மாடு முகத்தை நினைவில் வைத்திருக்கும் என்று எங்கோ படித்ததைச் சொன்னேன்.

“கண்ணுதான் போச்சே.”

“வாசனை தெரியுமே.”

“என் வாசன எதுன்னு அதுக்கு எப்படி சார் தெரியும்? இத்தினி வருசமா டேனரி வாசனையோடதான அதுங்கிட்ட போய் நின்னேன். சோப்புப் போட்டுக் குளிச்சிட்டு வர்றவன் அதுக்கு யாரோ ஒருத்தன்.”

“குரல் இருக்கிறதே. முன்ன மாதிரி பேசுங்கள். பேசினால் அடையாளம் தெரியும்.”

“இன்னா பேசறது சார்” என்றார். கேட்டது அவ்வளவுதான். நான் படித்த புத்தகங்களில் அதற்கு மேல் ஒன்றும் இல்லை.

இந்தத் தண்ணீரைக் குடித்துக்கொண்டு மாடு இங்கே இருந்தால் கன்று தங்காது என்று டாக்டர் சொல்லியிருந்தார். குடம் குடமாக நல்ல தண்ணீர் வாங்கி ஒரு மாட்டை வளர்க்க யாரால் முடியும்? அவர் மனைவியின் அக்கா ஆலங்காயத்துக்கு அப்பால் மலையடிவாரத்தில் ஒரு கிராமத்தில் இருக்கிறார். அங்கே கிணற்றுத் தண்ணீர் தேங்காய்த் தண்ணீர் மாதிரி இருக்கும். மாட்டை அங்கே அனுப்பிவிடுவது என்று அவரே முடிவு செய்தார். மனைவி வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தார். அவர் கேட்கவில்லை.

ஆனி மாதம், இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை. காலையிலிருந்து மேகமாக இருந்தது. குட்டி யானை வண்டி வந்து வாசலில் நின்றது. “மாட்ட ஏத்தினு போக யானையா?” என்று பீபிம்மா கேட்டார். அவர் அதற்கு மெல்லச் சிரித்தார். ரொம்ப நாளைக்குப் பிறகு அந்தச் சிரிப்பைப் பார்த்தேன். குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு, தலையைப் படிய வாரியிருந்தார். மாட்டின் கழுத்திலிருந்த தோல் பட்டையைக் கழற்றி வைத்துக்கொண்டு, புதுக் கயிறு கட்டினார். பலகை சாய்த்து மாட்டை ஏற்றினார்கள். மாடு பார்வை இல்லாத பக்கம் தடுமாறியது. அவர் தோளைக் கொடுத்துத் தள்ளி ஏற்றினார்.

கூட அவர் போகவில்லை. மனைவி முன்னால் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்தார். அவர் மட்டும் கயிறு கட்டுகிறேன் என்று பின்னால் ஏறினார். மாடு விழாமல் இருக்க வண்டியின் பக்கங்களில் உயரமாக மரப் பலகை அடித்திருந்தார்கள். கீழே நின்ற எங்களுக்கு மாடும் தெரியவில்லை, அவரும் தெரியவில்லை. அவருடைய தலைமுடி மட்டும் பலகைக்கு மேல் கொஞ்சம் தெரிந்தது. தூறல் ஆரம்பித்தது. டிரைவர் ஒருமுறை எட்டிப் பார்த்து, “அண்ணே, ஆச்சா?” என்றான்.

அப்போது பலகைக்கு மேலே அவருடைய இரண்டு கைகளும் விரிந்து உயர்ந்ததைப் பார்த்தேன். அப்படியே நின்றன. தூறல் கொஞ்சம் வலுத்தது. தெருவில் யாரும் உள்ளே போகவில்லை. கைகள் இறங்க வெகுநேரம் ஆனது. அந்த நேரத்தை மட்டும் நான் கணக்கிடவில்லை. அப்படிக் கணக்கிடாமல் விடுவது என் வழக்கமில்லை.

அவர் இறங்கி வந்தார். சட்டை நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. என் சட்டையும் அப்படித்தான் இருந்தது. பீபிம்மாவின் முக்காடும் நனைந்திருந்தது. வண்டி நகர்ந்து தெருமுனை திரும்பியது.

“இன்னா தம்பி?” என்றார் பீபிம்மா. அதற்கு மேல் அவராலும் கேட்க முடியவில்லை.

“கயிறு நல்லா கட்டியிருக்கேன் பீபிம்மா. வுழாது” என்று சொல்லிவிட்டு அவர் உள்ளே போய்விட்டார்.

ஐப்பசியில் மாடு கன்று போட்டது என்று தகவல் வந்தது. கிடாரிக் கன்று, தாயும் கன்றும் நலம். அவர் மனைவி இரண்டு முறை போய்ப் பார்த்துவிட்டு வந்தார். அவர் இன்னும் போகவில்லை. ஏன் போகவில்லை என்று கேட்டால், “போவணும் சார்” என்கிறார். அதே தொழிற்சாலை, அதே வேலை. சாயங்காலம் குளித்துவிட்டுத்தான் வருகிறார். அந்தப் பழக்கத்தை மட்டும் விடவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு நேராக, வண்டி வந்த நேரம், தூறல் பிடித்த நேரம், யார் யார் நின்றார்கள் என்பதெல்லாம் என் டைரியில் இருக்கிறது. வண்டிப் பலகைக்கு அந்தப் பக்கம், சோப்புப் போட்டுக் குளித்து வந்த அந்த மனிதரை மாடு நக்கியதா என்பது மட்டும் இல்லை. பார்த்தவர் யாரும் இல்லை. மழை சட்டையிலும் தடயம் விட்டுவைக்கவில்லை. இதை இன்றுவரை உறுதி செய்யப்படாத தகவலாகவே வைத்திருக்கிறேன். நான்கு வீடு தள்ளித்தான் இருக்கிறார், போய்க் கேட்டால் சொல்லிவிடுவார். சொல்லிவிடுவாரே என்றுதான் கேட்காமல் இருக்கிறேன்.